டாக்டர் வந்து போன பிறகு என்ன நடக்கும்? ஹைக்கூ கவிஞர் ஷிக்கியின் ஆறடிப் படுக்கை சொல்லும் கதை

1902-ம் ஆண்டு மே 5. டோக்கியோவிலிருந்து வெளிவந்த 'நிப்போன்' நாளிதழில் ஒரு புதிய பத்தி தொடங்கியது. தமிழில் சொன்னால் அதன் தலைப்பு 'ஆறடிப் படுக்கை'.

எழுதியவருக்கு வயது 34. எழுந்து நடக்க முடியாது. புரண்டு படுப்பதே பெரும்பாடு. முதுகில் இருந்த புண்களிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருந்தது. வலி மருந்து உள்ளே போனால்தான் சில மணி நேரமாவது நிம்மதி. அந்த நிலையில், அன்று முதல் செப்டம்பர் 17 வரை 127 பகுதிகள் வெளிவந்தன. கடைசிப் பகுதி அச்சாகி இரண்டே நாளில் அவர் இறந்துபோனார்.

அவர் பெயர் மசாவோகா ஷிக்கி. இன்று பள்ளி ஆண்டு மலர் முதல் இன்ஸ்டா போஸ்ட் வரை மூன்று வரி எழுதிவிட்டு 'ஹைக்கூ' என்கிறோமே, அந்தப் பெயரை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர் இவர்தான்.

வாழ்க்கையின் கடைசி ஆண்டுகள் முழுவதும் அவருக்குச் சிகிச்சை நடந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், மருந்து கொடுப்பார், கிளம்பிவிடுவார். சரி, அதற்குப் பிறகு? நாளின் மீதி நேரத்தை யார் பார்த்துக்கொண்டது? ஷிக்கியின் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

யார் இந்த ஷிக்கி?

ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள மட்சுயாமா நகரில் 1867-ல் பிறந்தவர் ஷிக்கி. இயற்பெயர் சுனெனோரி. கீழ்நிலை சாமுராய் குடும்பம். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா யாயே, மூன்று வயது இளைய தங்கை ரிட்சு. அவ்வளவுதான் வீடு.

சின்ன வயதில் ஷிக்கி கொஞ்சம் பயந்த சுபாவம். தெருப் பையன்கள் சீண்டினால் அழுதுகொண்டு வருவாராம். அண்ணனுக்காகக் கல்லை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனது தங்கை ரிட்சு. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1883-ல் படிப்புக்காக டோக்கியோ வந்தார். அங்கே அவருக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஒன்று கவிதை, இன்னொன்று பேஸ்பால். ஜப்பானுக்கு அப்போதுதான் வந்திருந்த அந்த அமெரிக்க விளையாட்டில் அவர் கேட்சர். பேஸ்பால் சொற்கள் சிலவற்றுக்கு ஜப்பானிய வார்த்தைகளையும் கொடுத்தார். அவர் இறந்து நூறாண்டு கழித்து, 2002-ல், ஜப்பானின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. படிக்கும் காலத்தில் கிடைத்த நெருங்கிய நண்பர் நட்சுமே சோசெகி. பின்னாளில் ஜப்பானின் மிகப்பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரானவர்.

1889-ல் ரத்தமாக இருமினார். காசநோய். அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு தீர்ப்பு மாதிரி. கத்திக் கத்தி ரத்தம் கக்கும் என்று ஜப்பானியர்கள் கதை சொல்லும் ஒரு குயில் இனம் உண்டு. அந்தப் பறவையைக் குறிக்கும் சொல்லான 'ஷிக்கி'யையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். நோயைப் பெயரிலேயே சுமந்தபடி மீதி வாழ்க்கையைத் தொடங்கினார்.

பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1892 டிசம்பரில் 'நிப்போன்' நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்புதான் அம்மாவையும் தங்கையையும் டோக்கியோவுக்கு அழைத்து வந்திருந்தார். பத்திரிகையின் தலைவர் கூகா கட்சுனான்தான் பக்கத்து வீட்டுக்காரர். 1894-ல் நெகிஷி பகுதியில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். அந்த வீட்டிலிருந்து ஷிக்கி வேறெங்கும் குடிமாறவில்லை.

போர்க்களம் போனார், படுக்கையில் விழுந்தார்

1895-ல் சீனா-ஜப்பான் போர் நடந்துகொண்டிருந்தது. நிருபராகப் போயே தீருவேன் என்று அடம்பிடித்தார் ஷிக்கி. நுரையீரலில் நோய் இருப்பது தெரிந்த நண்பர்கள் தடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

அவர் சீனா போய்ச் சேர்ந்தபோது சண்டை ஏறக்குறைய முடிந்திருந்தது. சுமார் ஒரு மாதம் இருந்தார். திரும்பி வரும் கப்பலில் மறுபடியும் ரத்தம். கோபே துறைமுகத்தில் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 2 மாதம் அங்கே. பிறகு சுமா கடற்கரையில் ஓய்வு. அதன்பின் சொந்த ஊரான மட்சுயாமாவில், அப்போது அங்கே ஆசிரியராக இருந்த சோசெகியின் வீட்டில் 50 நாட்களுக்கு மேல் தங்கினார். உடம்பு தேறியது போலத்தான் தெரிந்தது.

டோக்கியோ திரும்பும் வழியில் இடுப்பு வலி தொடங்கியது. முதலில் வாத வலி என்றுதான் நினைத்தார்கள். 1896 தொடக்கத்தில் டாக்டர் உண்மையைச் சொன்னார். காசநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது.

முதுகெலும்பில் காசநோய் என்றால் என்ன?

காசநோய் என்றாலே நுரையீரல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கிருமி ரத்தம் வழியாக எலும்புக்கும் போகும். முதுகெலும்பில் தங்கிவிட்டால் எலும்பை மெல்ல மெல்ல அரிக்கும். சீழ் கோத்து, வழி தேடி, ஒருகட்டத்தில் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நரம்பு அழுத்தப்பட்டால் கால் செயலிழக்கலாம்.

இன்றைக்கு இதற்கு மருந்து இருக்கிறது. பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள்.

ஷிக்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். கிருமியை வெல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் வந்தது. எதிரி யார் என்று தெரியும், ஆயுதம் மட்டும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் ஷிக்கியின் முழு நோய்க்காலமும் அடங்கிவிட்டது.

சில முறை அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். பலன் இல்லை. முதுகிலும் இடுப்புக்குக் கீழும் துளைகள் விழுந்தன. 1899 வாக்கில் உட்காருவதே அரிதானது.

வீட்டுக்கு வந்த டாக்டர்

அன்றைய ஜப்பானில் ஆஸ்பத்திரிகள் குறைவு. நாள்பட்ட நோயாளி என்றால் வீட்டில் படுத்திருப்பார், டாக்டர்தான் தேடி வருவார். இதற்கு ஜப்பானிய மொழியில் 'ஓஷின்' என்று பெயர். மெய்ஜி காலத்து டாக்டர் ஒரு கைரிக்‌ஷாவில் வந்து இறங்குவது நகர வாழ்க்கையின் சாதாரணக் காட்சி.

ஷிக்கியைப் பார்த்துவந்த டாக்டரின் பெயர் மியாமோட்டோ நாகா. மேற்கத்திய மருத்துவம் படித்தவர். நோயைக் குணமாக்க அவரால் முடியாது. அது டாக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். அப்படியென்றால் ஏன் வர வேண்டும்?

வலிக்காக. நோயின் கடைசிக் கட்டத்தில் ஷிக்கியின் நாளே வலி மருந்தைச் சுற்றித்தான் ஓடியது. மார்ஃபின் உள்ளே போய் வலி அடங்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அவர் எழுதினார், படம் வரைந்தார், வந்தவர்களோடு பேசினார். 1902 கோடையில் பழங்களையும் பூக்களையும் வாட்டர் கலரில் வரைந்து தள்ளினார். மருந்து சாப்பிட்டுவிட்டுப் படம் வரைவதுதான் அன்றாடத்தின் பெரிய சந்தோஷம் என்று தன் பத்தியிலேயே பதிவு செய்திருக்கிறார்.

குணமாக்க முடியாத நோயில் வலியைக் குறைப்பதும், நோயாளி தனக்குப் பிடித்ததைச் செய்ய நேரம் வாங்கித் தருவதும் மருத்துவம்தான். இன்று இதைப் 'பாலியேட்டிவ் கேர்' என்கிறோம். அப்படி ஒரு துறை உருவாவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நெகிஷியின் சிறிய வீட்டில் அதன் அடிப்படை வேலை நடந்துகொண்டிருந்தது.

படுக்கையே ஆபீஸ்

இன்றைய பாஷையில் சொன்னால் ஷிக்கிக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். ஆபீசுக்கு வர முடியாதவர் என்று தெரிந்தும் கூகா கட்சுனான் அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. கடைசிக் காலத்தில் பத்திரிகையிலிருந்து மாதம் 40 யென், 'ஹொதோதோகிசு' என்ற ஹைக்கூ இதழிலிருந்து 10 யென். இந்த 50 யென்னில்தான் மூன்று பேர் கொண்ட குடும்பம், வீட்டு வாடகை, மருத்துவச் செலவு எல்லாம்.

வீடும் நோயாளிக்கு ஏற்ப மாறியது. ஷிக்கியின் இடது கால் மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட முடியாது. அந்த முழங்கால் நுழையும் அளவுக்கு மேசைப் பலகையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். 1899 டிசம்பரில் சீடர் தகாஹாமா கியோஷியின் ஏற்பாட்டில் தோட்டம் பார்த்த பக்கம் காகிதக் கதவுகளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கதவுகள் வந்தன. அன்றைக்குக் கண்ணாடி விலை உயர்ந்த சமாச்சாரம். ஆனால் அதற்குப் பிறகு குளிர்காலத்திலும் கதவைத் திறக்காமல், படுத்தபடியே வானத்தையும் செடிகளையும் பார்க்க முடிந்தது.

கண்ணில் பட்டதை அலங்காரம் இல்லாமல் அப்படியே எழுதுங்கள் என்பதுதான் ஷிக்கி ஹைக்கூவுக்குச் சொன்ன வழி. ஓவியர்கள் நேரில் பார்த்து வரைவதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட யோசனை அது. ஊர் ஊராகச் சுற்றிய கவிஞர்களின் மரபில் வந்தவருக்குப் பார்க்கக் கிடைத்தது ஒரு சிறிய தோட்டம் மட்டுமே. அந்தத் தோட்டத்தில் இருந்த கோழிக்கொண்டைப் பூவும் பீர்க்கங்கொடியும் ஜப்பானிய இலக்கியத்தில் இடம்பிடித்துவிட்டன.

நோயாளியின் அறையிலேயே கவிதைக் கூட்டங்கள் நடந்தன. இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், ஷிக்கி படுத்தபடி திருத்துவார்.

ரிட்சுவின் ஒரு நாள்

இப்போது அந்தத் தங்கையிடம் வருவோம்.

ரிட்சுவுக்கு இரண்டு முறை திருமணம் நடந்து, இரண்டும் முறிந்துவிட்டன. அண்ணனுடன் டோக்கியோ வந்தபோது வயது இருபதுகளின் தொடக்கம். அதன்பிறகு சுமார் 10 ஆண்டுகள் அவர் வாழ்க்கை என்பது அந்த வீடுதான்.

தினமும் கட்டு மாற்ற வேண்டும். பழைய துணியை எடுக்கும்போது ஷிக்கி வலியில் கத்துவார். சீழைத் துடைத்து, புண்ணைச் சுத்தம் செய்து, புதுத் துணி வைத்துக் கட்ட வேண்டும். எடுத்த துணிகளைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். கழிவுகளை அப்புறப்படுத்த வேண்டும். சமையல், வீட்டுக் கணக்கு, வந்தவர்களுக்கு டீ, அண்ணன் சொல்வதை எழுதிக்கொடுப்பது என எல்லாம் அவர் தலையில்தான். அம்மா யாயேவுக்கு வயதாகிவிட்டது, முடிந்ததைச் செய்வார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஷிக்கி பிரமாதமான ஆள். நோயிலும் பசி குறையவில்லை. பச்சை மீன் துண்டுகளான சஷிமி, கோகோ கலந்த பால், இனிப்பு பன், பழங்கள் என்று ஒவ்வொரு நாளும் சாப்பிட்டதை அவரே டைரியில் குறித்து வைத்திருக்கிறார். அதே டைரி இன்னொன்றையும் சொல்கிறது. அவருக்கு மீன் வாங்கிய வீட்டில் ரிட்சுவும் அம்மாவும் ஊறுகாயோடு சோறு சாப்பிட்டார்கள்.

இவ்வளவு செய்த தங்கையைப் பற்றி ஷிக்கி என்ன எழுதினார்? 1901 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் தனிப்பட்ட டைரியில் ரிட்சுவைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். பிடிவாதக்காரி, கல் மாதிரி மனசு, சொன்ன வேலையைச் செய்வாளே தவிர நோயாளிக்கு என்ன வேண்டும் என்று தானாக யோசிக்க மாட்டாள் என்கிற ரீதியில். இன்று படித்தாலும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே கையோடு இன்னொன்றையும் எழுதினார். அந்த வீட்டில் நர்ஸ், சமையல்காரி, வீட்டு நிர்வாகி, செக்ரட்டரி எல்லாமே ரிட்சு ஒருவர்தான். அவர் ஒரு நாள் இல்லையென்றால் வீடு நின்றுவிடும், தானும் பிழைத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டார். நோயாளியின் எரிச்சலும் நன்றியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நாள்பட்ட நோயாளி இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ரிட்சு தன் பக்கத்து டைரி எதையும் பிரசுரிக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அவரிடம் கோபித்துக்கொண்ட அண்ணன் எழுதியதுதான்.

ஒருவரால் முடியாது: நண்பர்கள் போட்ட டியூட்டி

1901 அக்டோபரில் ஒரு நாள் அம்மாவும் தங்கையும் வெளியே போயிருந்தார்கள். ஷிக்கி தனியே இருந்தார். வாழ்க்கையை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவரை உலுக்கியது. பயமும் ஆசையும் மாறி மாறி மோத, கடைசியில் அழுதுவிட்டார். அம்மா திரும்பி வந்தார். அன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்தார் ஷிக்கி.

அடுத்த மாதம் லண்டனில் இருந்த சோசெகிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் கதை முடிந்துவிட்டது, தினமும் காரணமே இல்லாமல் கத்தி அழுகிறேன் என்ற பொருளில் இருந்த அந்தக் கடிதம்தான் நண்பருக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம். இருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை.

1902 ஜனவரியில் நிலைமை இன்னும் மோசமானது. அப்போதுதான் சீடர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். கியோஷி, கவஹிகாஷி ஹெகிகோதோ, இதோ சச்சியோ உள்ளிட்டவர்கள் முறை வைத்து நோயாளியின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். நம் பாஷையில் சொன்னால் ஷிஃப்ட் டியூட்டி. பேச்சுத் துணைக்கு, புத்தகம் வாசித்துக் காட்ட, வலி வரும்போது பக்கத்தில் இருக்க.

அந்த ஆண்டு ஜூலையில் ஷிக்கி தன் பத்தியில் நோயாளியைப் பராமரிப்பது பற்றித் தொடர்ந்து எழுதினார். பராமரிப்பில் இரண்டு வகை என்று பிரித்தார். மருந்து கொடுப்பது, கட்டு மாற்றுவது, முதுகு தடவிவிடுவது போன்ற வேலைகள் ஒரு வகை. நோயாளியின் மனதைப் புரிந்துகொண்டு பரிவோடு இருப்பது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தால் நல்லது, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பரிவே முக்கியம் என்பது அவர் கட்சி. பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

இதில் ஒரு பக்கம் உண்மை இருக்கிறது. பரிவு இல்லாத சிகிச்சை எப்படி இருக்கும் என்பது ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் பராமரிப்பு என்றாலே அது பெண்ணின் வேலை என்ற நினைப்பை ஷிக்கி தாண்டவில்லை. ஓய்வே இல்லாமல் பத்து வருஷம் கட்டு மாற்றிய ஒருவரிடம் தினமும் முகமலர்ச்சியை எதிர்பார்க்கலாமா என்ற கேள்வியும் அவர் பத்தியில் வரவில்லை. முறை வைத்து வந்த நண்பர்கள் தங்கள் நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். ரிட்சுவுக்குப் போக வேறு வீடு இல்லை.

300 கவர்கள்

தினமும் கட்டுரையை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கவரிலும் முகவரி எழுதுவதே ஷிக்கிக்குப் பெரும் சிரமமாகிவிட்டது. முகவரி அச்சிட்ட கவர்கள் கொடுங்கள் என்று ஆபீசிடம் கேட்டார். வந்தது 300 கவர்கள்.

நமக்கு அது ஸ்டேஷனரி. அவருக்கு அது 300 நாட்கள். அத்தனை நாள் இருப்போமா? 100-வது பகுதி வந்தபோது இந்தக் கணக்கைப் பத்தியிலேயே போட்டுப் பார்த்தார். நூறு நாள் ஓடிவிட்டது, இன்னும் 200 கவர்கள் இருக்கின்றன என்று.

நடுவில் ஒரு நாள் அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்து ஆசிரியர் குழு பத்தியை வெளியிடாமல் விட்டது. நல்லெண்ணம்தான். ஆனால் ஷிக்கி உடைந்துபோனார். காலையில் பத்திரிகையைப் பிரித்துத் தன் பத்தி இருப்பதைப் பார்ப்பதுதான் தன் உயிர், தயவுசெய்து நிறுத்தாதீர்கள் என்ற பொருளில் எழுதி அனுப்பினார். பத்தி திரும்ப வந்தது. நோயாளிக்கு எது நல்லது என்று மற்றவர்களே முடிவு செய்துவிடுவதில் உள்ள சிக்கல் இது. ஓய்வு கொடுப்பதாக நினைத்து அவர் பிடித்திருந்த ஒரே கயிற்றை எடுத்துவிடப் பார்த்தார்கள்.

ஜூன் மாதத்தில் எழுதிய ஒரு பகுதி ஜப்பானில் இன்றும் பேசப்படுகிறது. ஞானம் என்றால் எந்த நிலையிலும் அமைதியாகச் சாவது என்று நினைத்திருந்தேன், அது தவறு, எந்த நிலையிலும் அமைதியாக வாழ்வதுதான் ஞானம் என்பது அதன் சாரம். அதை எழுதியவர் எப்போதும் அமைதியாக இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அதே மாதம், இந்த வேதனையிலிருந்து காப்பாற்ற யாருமே இல்லையா என்றும் அதே பத்தியில் கேட்டார்.

பீர்க்கங்கொடியும் கடைசி இரவும்

ஷிக்கியின் தோட்டத்துப் பந்தலில் ஒரு கொடி படர்ந்திருந்தது. நம்மூர்ப் பீர்க்கங்காயின் சொந்தக்காரக் கொடி. முற்றிக் காய்ந்தால் உடம்பு தேய்த்துக் குளிக்கும் நார் கிடைக்குமே, அதேதான். ஜப்பானியப் பெயர் ஹெச்சிமா. அதன் தண்டை வெட்டி எடுக்கும் நீர் சளிக்கு மருந்து என்பது அங்கே பாட்டி வைத்தியம்.

1902 செப்டம்பர் 18 காலை. பேசவே முடியாத நிலையில் எழுதுவதற்குச் சைகை காட்டினார் ஷிக்கி. காகிதம் ஒட்டிய பலகையை ரிட்சு பிடித்துக்கொண்டார். ஹெகிகோதோ தூரிகையில் மை தொட்டுக் கையில் கொடுத்தார். படுத்தபடியே, இடையிடையே இருமிக்கொண்டு, மூன்று ஹைக்கூக்களை எழுதினார். மூன்றுமே அந்தக் கொடியையும் தன் சளியையும் பற்றியவை. எழுதி முடித்துத் தூரிகையைப் போட்டுவிட்டார்.

அன்று இரவு கியோஷி அந்த வீட்டில் தங்கியிருந்தார். நள்ளிரவு தாண்டி, செப்டம்பர் 19 அதிகாலையில் ஷிக்கியின் மூச்சு நின்றது. 35-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. மகனின் உடலை நேராக்கியபோது, இன்னும் ஒரே ஒரு முறை வலிக்கிறது என்று சொல்லிவிடேன் என்று அம்மா யாயே கேட்டதாக ஹெகிகோதோ பதிவு செய்திருக்கிறார். அத்தனை வருடம் கேட்கச் சகிக்காத சொல், அது.

அவர் நினைவுநாளுக்கு ஜப்பானில் அந்தக் கொடியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: ஹெச்சிமா-கி.

அதற்குப் பிறகு ரிட்சு

ஷிக்கியின் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ரிட்சுவின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அண்ணன் இறந்தபோது அவருக்கு வயது 32. அதன்பிறகு டோக்கியோவில் பெண்களுக்கான தொழிற்கல்விப் பள்ளி ஒன்றில் மாணவியாகச் சேர்ந்தார். படித்து முடித்து, அதே பள்ளியில் ஆசிரியரானார். தானாக யோசிக்கத் தெரியாதவர் என்று அண்ணன் எழுதிய அதே ரிட்சுதான். சம்பாதித்தார், அம்மாவைப் பார்த்துக்கொண்டார். யாயே 1927-ல் காலமானார். அண்ணனின் கையெழுத்துப் பிரதிகளையும் அந்த வீட்டையும் விடாமல் காப்பாற்றிய ரிட்சு 1941-ல் இறந்தார்.

1945 விமானத் தாக்குதலில் வீடு எரிந்துபோனது. ஷிக்கியின் சீடர்களில் ஒருவரான சமுகாவா சோகோட்சுவின் முயற்சியால் 1950-ல் அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது. 'ஷிக்கி-ஆன்' என்ற பெயரில் இப்போதும் பார்க்கலாம். கண்ணாடிக் கதவு, வெட்டிய மேசை, வெளியே பந்தலில் ஹெச்சிமா எல்லாம் உண்டு.

இன்று ஜப்பானில் என்ன மாறியிருக்கிறது?

அவசரத்துக்குக் கூப்பிட்டால் டாக்டர் வருவது ஒரு வகை, நாள் குறித்து முறையாகத் தொடர்ந்து வருவது இன்னொரு வகை என்று இன்றைய ஜப்பானிய மருத்துவ முறை பிரித்தே வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு 'ஹோமோன் ஷின்ரியோ' என்று பெயர். நடக்க முடியாத முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

டாக்டர் போன பிறகு மீதி நேரத்தை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் அந்த நாடு ஒரு பதில் தேடியது. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். தேவைப்படும்போது வீட்டுக்கு உதவியாளர் வருவார், குளிக்க வைப்பார், கட்டணத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கும். பராமரிப்பு என்பது வீட்டில் இருக்கும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையெழுத்து இல்லை, சமூகம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய வேலை என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை. எல்லாச் சுமையும் நீங்கிவிடவில்லை. ஆனால் சுமை இருக்கிறது என்பதையாவது அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது படுக்கையில் இருந்தால், அடுத்த முறை பார்க்கப் போகும்போது நோயாளியிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டு வராதீர்கள். கட்டு மாற்றுகிறவரிடமும் நேற்று இரவு தூங்கினீர்களா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு மதியம் அவருக்குப் பதிலாக நீங்கள் உட்காருங்கள்.